சொந்த வயலில் விளைந்த கோதுமையைத் தன் கோழிக்குப் போட்டால் அது எப்படி "மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்" ஆகும்?

#1 கூழாங்கல்

இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் ரோஸ்கோ ஃபில்பர்ன் என்று ஒரு விவசாயி இருந்தார். மாடும் கோழியும் வளர்த்து, பாலும் முட்டையும் விற்றுப் பிழைத்தவர். கூடவே கொஞ்சம் கோதுமை. 1941 விளைச்சலுக்கு அரசாங்கம் அவருக்கு ஒதுக்கியது 11.1 ஏக்கர். அவர் விதைத்தது 23 ஏக்கர். கூடுதலாக வந்தது 239 புஷல், நம் கணக்கில் ஆறரை டன் இருக்கும். புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம் போட்டார்கள். மனிதர் விடவில்லை, வழக்குப் போட்டார். வீட்டு மாவுக்கும், மாட்டுக்கும், கோழிக்கும், அடுத்த வருட விதைக்கும் வைத்துக்கொள்கிற தானியத்தில் வாஷிங்டனுக்கு என்ன வேலை என்பதுதான் வாதம். 1942 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவரைத் தோற்கடித்தது.

அவர்களுடைய அரசியலமைப்பு காங்கிரஸுக்கு (கட்சி இல்லை, அவர்கள் நாடாளுமன்றம்) கொடுத்திருப்பது மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம். கோழித்தொட்டியில் கொட்டிய கோதுமை எந்த மாநில எல்லையைத் தாண்டியது? கோழியே வேலியைத் தாண்டியிருக்காது. இதை யாராவது நியாயப்படுத்த முடியுமா?

#2 மிளகுரசம்

49 சென்ட் என்றதும் கிட்டத்தட்ட அரை ஏக்கரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பதறிப்போனேன். மறுபடி படித்தபிறகுதான் காசு என்று புரிந்தது. நீங்கள் தொடருங்கள், நான் ஓரமாக உட்கார்ந்து கேட்கிறேன்.

#3 சட்டைப்பை வக்கீல்

நியாயப்படுத்துகிறேனோ இல்லையோ, நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை முதலில் சரியாக வைப்போம், பாதிப்பேர் இந்த வழக்கைக் கதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அப்போது உலகச் சந்தையில் கோதுமை புஷல் 40 சென்ட். அமெரிக்காவுக்குள் 1 டாலர் 16 சென்ட். இந்த வித்தியாசம் தானாக வரவில்லை. 1938 வேளாண் சட்டப்படி யார் எவ்வளவு விதைக்கலாம் என்று அரசு கட்டுப்படுத்தி, கடன் கொடுத்து, விலையைத் தூக்கிப் பிடித்திருந்தது. 1941 மே மாதம் கோதுமை விவசாயிகளிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள், வாக்களித்தவர்களில் 81 சதவீதம் பேர் கட்டுப்பாடு வேண்டும் என்றார்கள். ஆக ஃபில்பர்ன் எதிர்த்து நின்றது வாஷிங்டனை மட்டும் இல்லை, தன் சக விவசாயிகள் பெரும்பாலானோரையும்.

இனி அந்தத் தர்க்கம். நீங்கள் வீட்டுக்கு விளைவித்தால் சந்தையில் வாங்க மாட்டீர்கள். நீங்கள் ஒருவர் வாங்காமல் போனால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் உங்களைப் போல் எல்லோரும் செய்தால்? பண்ணையிலேயே செலவாகும் கோதுமையின் அளவு வருடத்துக்கு வருடம் மாறுகிறது, அந்த ஏற்ற இறக்கமே சராசரி விளைச்சலில் 20 சதவீதத்துக்கு மேல் போகிறது என்று தீர்ப்பில் கணக்கு இருக்கிறது. விலை ஏறினால் அந்தப் பண்ணைக் கோதுமை எப்போது வேண்டுமானாலும் மூட்டை கட்டிச் சந்தைக்கு வரலாம். ஆகவே ஒருவர் செய்வது சின்னதா பெரியதா என்று பார்க்கக் கூடாது, அந்த வகைச் செயல் அத்தனையையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பு. தீர்ப்பை எழுதியவர் ராபர்ட் ஜாக்சன்.

அப்புறம் ஒரு திருத்தம். அவர் கோதுமையில் ஒரு பகுதியை வழக்கமாக விற்கவும் செய்தவர். "ஒரு மணிகூட விற்காத அப்பாவி" என்று சுற்றுவது மிகை.

#4 நெல்லுமணி

வக்கீல் அண்ணே, திருத்தம் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவர் விதைத்தது 1940 இலையுதிர்காலத்தில். அப்போது அபராதம் புஷலுக்கு 15 சென்ட்தான். பயிர் நிலத்தில் நிற்கும்போது, 1941 மே மாதம், அதை 49 ஆக்கினார்கள். வேளாண் அமைச்சர் விக்கர்ட் வானொலியில் பேசியபோது இந்த உயர்வைச் சொல்லவே இல்லை. கீழ் நீதிமன்றம் இந்தக் காரணத்தைப் பிடித்துத்தான் ஃபில்பர்ன் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது. விதைத்த பிறகு விதியை மாற்றினால் எந்த ஊர் விவசாயிக்கும் வயிறு எரியும்.

சரி, அது கிடக்கட்டும். என் கேள்வி வேறு. "எல்லோரும் செய்தால்" என்ற கண்ணாடியைப் போட்டால் உலகத்தில் எதுதான் வணிகம் இல்லை? நான் தூங்கினால் காப்பி வாங்க மாட்டேன். என் பாட்டி வீட்டில் ஊறுகாய் போட்டால் ஊறுகாய்க் கம்பெனி விற்பனை குறையும்.

இன்னொன்று. 1919-ல் மதுவை நாடு முழுக்கத் தடை செய்ய நினைத்தபோது அரசியலமைப்பையே திருத்தினார்கள். 18-ஆவது திருத்தம். காங்கிரஸுக்குச் சாதாரணச் சட்டத்தால் அவ்வளவு தூரம் போக அதிகாரம் இல்லை என்றுதான் அன்றைக்குப் பெரும்பாலும் நம்பினார்கள். 1933-ல் அதை ரத்து செய்யவும் இன்னொரு திருத்தம் போட்டார்கள். 1970-ல் கஞ்சாவைத் தடை செய்தபோது? ஒரு சட்டம், ஒரு கையெழுத்து, முடிந்தது. நடுவில் அரசியலமைப்பின் அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது யார்?

#5 பழைய ரயில்

நெல்லுமணி தம்பி கேட்டது நல்ல கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். (மத்திய அரசு என்று எழுதப்போகிறேன். ஒன்றிய அரசு என்று திருத்த வருகிறவர்கள் அதற்குத் தனி இழை தொடங்கவும்.)

இந்த வணிக ஷரத்து ஏன் வந்தது? 1781-லிருந்து நடைமுறையில் இருந்த கூட்டமைப்பு விதிகளில் (இப்போதைய அரசியலமைப்புக்கு முந்தையது) காங்கிரஸுக்கு வரி போடவும் அதிகாரம் இல்லை, வணிகத்தை ஒழுங்குபடுத்தவும் இல்லை. போரில் வாங்கிய கடனை அடைக்க இறக்குமதிச் சரக்குக்கு 5 சதவீத வரி கேட்டார்கள். விதிகளை மாற்ற 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். ரோட் ஐலண்ட், அந்தத் துக்கடா மாநிலம், முடியாது என்றது. கதை முடிந்தது. துறைமுகம் உள்ள மாநிலம் துறைமுகம் இல்லாத பக்கத்து மாநிலத்தை உறிஞ்சியது. பிலடெல்பியாவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நியூ ஜெர்சியை, இரண்டு பக்கமும் துளை போட்ட பீப்பாய் என்று அன்றைக்கே ஒப்பிட்டிருக்கிறார்கள், அரசியலமைப்பை வடித்தவர்களில் ஒருவரான மேடிசன் எழுதிவைத்திருக்கிறார். 1786-ல் இதைப் பேச அன்னபோலிஸில் கூட்டம் கூட்டினால் ஐந்து மாநிலங்கள்தான் வந்தன. அதே சமயம் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் துப்பாக்கியோடு நீதிமன்றங்களை மறித்தார்கள். அந்தக் கிலியில்தான் 1787-ல் பிலடெல்பியாவில் 55 பேர் கூடினார்கள், 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆக, ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின் கழுத்தைப் பிடிக்காமல் தடுக்க எழுதிய வாக்கியம் இது. முதல் பெரிய வழக்கும் அப்படித்தான். நியூயார்க் தன் நீரில் நீராவிப் படகு ஓட்ட இருவருக்கு மட்டும் ஏகபோகம் கொடுத்திருந்தது. நியூ ஜெர்சியிலிருந்து கிப்பன்ஸ் என்பவர் போட்டிப் படகு விட்டார் (படகை ஓட்டியது இளைஞன் வாண்டர்பில்ட், பின்னால் ரயில்வே கோடீஸ்வரர் ஆனாரே, அவரேதான்). 1824-ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், வணிகம் என்றால் வாங்குவது விற்பது மட்டும் இல்லை, போக்குவரத்தும் சேர்ந்தது, மாநில எல்லையைத் தொட்டதும் அது நின்றுவிடாது என்றார். அதோடு, முழுக்க ஒரு மாநிலத்துக்குள்ளேயே முடிகிற வணிகம் இதில் வராது என்றும் சொல்லிவைத்தார். இரண்டு பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டாம் பாதியை நெல்லுமணி பிடித்துக்கொள்வார், முதல் பாதியை வக்கீல் பிடித்துக்கொள்வார்.

#6 கூழாங்கல்

பத்தாவது திருத்தம் இருக்கிறதே? மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு என்று 1791-லேயே எழுதிவிட்டார்களே. அது எங்கே போனது?

#7 சட்டைப்பை வக்கீல்

அது எங்கேயும் போகவில்லை, ஆனால் அதில் இல்லாத ஒரு சொல்தான் சுவாரசியம். 1781 விதிகளில் "வெளிப்படையாக" ஒப்படைக்கப்படாத அதிகாரம் எல்லாம் மாநிலத்துக்கு என்று இருந்தது. பத்தாவது திருத்தத்தில் அந்த "வெளிப்படையாக" கிடையாது. சேர்க்கச் சொல்லி காங்கிரஸில் முயன்றும் நடக்கவில்லை. 1819-ல் மேரிலாந்து மாநிலம் மத்திய வங்கிக் கிளைக்கு வரி போட்ட வழக்கில் மார்ஷல் இதைத்தான் சுட்டிக்காட்டினார். வங்கி தொடங்கலாம் என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதவில்லை, ஆனால் எழுதிய அதிகாரங்களை நடத்தத் தேவையான, பொருத்தமான வழிகளைக் காங்கிரஸ் கையாளலாம் என்று எழுதியிருக்கிறது, அது போதும் என்றார்.

இப்போது நூறு வருடம் தாண்டி வாருங்கள். 1916-ல் காங்கிரஸ் குழந்தைத் தொழிலாளர் சட்டம் போட்டது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வேலை செய்த ஆலைச் சரக்கு மாநில எல்லை தாண்டக் கூடாது. கவனியுங்கள், எல்லை தாண்டுவதைத்தான் தடுத்தது, நேரடியாக வணிகம். வட கரோலினாவில் பஞ்சாலையில் வேலை பார்த்த இரண்டு பையன்களின் அப்பாவே சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 1918-ல் 5-க்கு 4 என்று சட்டம் செத்தது. உற்பத்தி வேறு, வணிகம் வேறு, உற்பத்தி மாநிலத்தின் விஷயம் என்றது பெரும்பான்மை. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி டே, பத்தாவது திருத்தத்தைச் சொல்லும்போது "வெளிப்படையாக" ஒப்படைக்காத அதிகாரங்கள் என்று எழுதினார்! மார்ஷல் இல்லை என்று விரல் வைத்துக் காட்டிய அதே சொல்.

அதனால் "ஒரு எழுத்துக்கூட மாறவில்லை" என்று நெல்லுமணி சொல்வதை நான் திருப்பிக் கேட்கிறேன். அதிகாரத்தை விரிக்கிறவர்கள் மட்டும்தான் இல்லாததைச் சேர்த்துப் படிக்கிறார்களா?

#8 நெல்லுமணி

அது எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழந்தைகள் வேலைக்குப் போவது கொடுமை என்பதால் எந்த அதிகாரமும் தானாக முளைத்துவிடாது. 1924-ல் அதற்காகத் திருத்தமே கொண்டுவந்தார்கள், போதுமான மாநிலங்கள் ஏற்கவில்லை. முறையான வழி அதுதான், அது தோற்றால் தோற்றதுதான்.

#9 இரவல்பேனா

தோற்றால் தோற்றது என்று சொல்வது நமக்குச் சுலபம் நெல்லு. பஞ்சாலையில் நின்ற பையனுக்கு அது 1938 வரை இழுத்தது. நியாயமான உழைப்புத் தர நிர்ணயச் சட்டம் அப்போதுதான் வந்தது, 1941-ல்தான் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தூக்கிப்போட்டது.

#10 மிளகுரசம்

நடுவில் ஏதோ கோழி வழக்கு இருந்தது என்று கேள்விப்பட்டேன். ஃபில்பர்ன் கோழி இல்லை, வேறு கோழி. யாராவது சொல்லுங்கள், எனக்கு அபராதத்தைவிடக் கோழியில் ஈடுபாடு அதிகம்.

#11 பழைய ரயில்

ஷெக்டர் வழக்கு, 1935. புரூக்ளினில் யூத முறைப்படி கோழி அறுத்து மொத்த வியாபாரம் செய்த சகோதரர்கள். பெருமந்தக் காலம். அதிபர் ரூஸ்வெல்ட் 1933-ல் தேசியத் தொழில் மீட்புச் சட்டம் கொண்டுவந்து ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு விதித்தொகுப்பு போட வைத்தார். கோழித் தொழில் விதியில் ஒன்று, கடைக்காரர் கூண்டுக்குள் கையை விட்டு இந்தக் கோழி வேண்டும், அந்தக் கோழி வேண்டாம் என்று பொறுக்கக் கூடாது, கைக்கு வந்ததை எடுக்க வேண்டும். நீதிமன்றத்தில் இதை விளக்கச் சொன்னபோது நீதிபதிகளே சிரித்துவிட்டார்கள். எங்கள் சந்தைப் பக்கம் இப்படி ஒரு விதி போட்டால் அன்றைக்கே கலவரம்.

நியூயார்க்கில் விற்ற உயிர்க்கோழியில் 96 சதவீதம் வெளிமாநிலத்தது. இருந்தும் 9-க்கு 0 என்று அரசு தோற்றது. கோழி வந்து இறங்கியாயிற்று, இனி உள்ளூர் வியாபாரம் என்றது நீதிமன்றம். போதாததற்கு, காங்கிரஸ் தன் சட்டமியற்றும் வேலையையே அதிபர் கையில் அள்ளிக் கொடுத்துவிட்டது, அதுவும் செல்லாது என்றது. ரூஸ்வெல்ட் கொதித்துப்போய், இது குதிரை வண்டிக் காலத்து விளக்கம் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

1936 தேர்தலில் 48-ல் 46 மாநிலங்களை அள்ளினார். 1937 பிப்ரவரியில், 70 வயதைத் தாண்டியும் ஓய்வுபெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒரு கூடுதல் நீதிபதி, அதிகபட்சம் ஆறு பேர், என்று ஒரு திட்டத்தை நீட்டினார். ஒன்பது பதினைந்தாகலாம். வேலைப்பளு என்று காரணம் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. அவர் கட்சிக்காரர்களே எதிர்த்து ஜூலையில் புதைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஏப்ரலில், உருக்காலைத் தொழிலாளர் வழக்கில் 5-க்கு 4 என்று நீதிமன்றம் அரசின் பக்கம் சாய்ந்துவிட்டது.

#12 நெல்லுமணி

ஆக மிரட்டினார், பணிந்தார்கள். இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

#13 சட்டைப்பை வக்கீல்

பாதிதான் உண்மை. பக்கம் மாறியவர் என்று எல்லோரும் சொல்வது நீதிபதி ஓவன் ராபர்ட்ஸை. அதே சமயத்தில் நடந்த குறைந்தபட்சக் கூலி வழக்கில், நீதிபதிகளின் உள் கூட்டத்தில் அவர் கூலிச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தது 1936 டிசம்பரில், திட்டம் வெளியே வருவதற்கு முன்பே. தீர்ப்பு மார்ச் மாதம் வந்ததால் பயந்து மாறியதாகத் தெரிந்தது. ஆனால் உருக்காலை வழக்கு விசாரணைக்கு வந்தது பிப்ரவரியில், திட்டம் அறிவித்த சில நாட்களிலேயே. அதில் ராபர்ட்ஸ் மனதில் என்ன ஓடியது என்று நீங்களும் நானும் அடித்துக்கொண்டு பிரயோசனமில்லை. தேர்தல் முடிவைப் பார்த்திருப்பார், நாடு முழுக்க உட்காரும் வேலைநிறுத்தம் நடந்ததைப் பார்த்திருப்பார்.

#14 டேட்டன்காரன்

ஃபில்பர்ன் நிலம் இருந்த டேட்டன் பக்கம்தான் நான் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். பக்கத்து வீட்டு முதியவர், மூன்று தலைமுறை ஓஹியோக்காரர், அவரிடம் கேட்டேன். கேள்விப்பட்டதே இல்லை என்றார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் கேட்டது, "117 டாலருக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனானா?" அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் போயிருப்பேன்" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் வக்கீல் சார். இந்த ஜாக்சன், ரூஸ்வெல்டிடம் அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமை வக்கீலாக) இருந்தவர்தானே? நீதிபதிகள் எண்ணிக்கையைக் கூட்டும் திட்டத்துக்கு ஆதரவாக செனட் குழுவில் சாட்சியும் சொன்னவர். அப்படியானால் அரசாங்கத்தின் ஆளை வைத்தே அரசாங்கத்துக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள் என்று ஆகாதா?

#15 சட்டைப்பை வக்கீல்

அப்படி நினைத்தால் 1952-ஐ எங்கே வைப்பீர்கள்? கொரியப் போர் நடக்கிறது. உருக்காலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது. அதிபர் ட்ரூமன் ஏப்ரல் 8-ஆம் தேதி ஆலைகளையே அரசுக் கட்டுப்பாட்டில் எடுக்க உத்தரவு போட்டார். காங்கிரஸ் அனுமதி இல்லை, போரில் உருக்கு வேண்டும், நான் படைத் தலைவன், அவ்வளவுதான் வாதம். ஜூன் 2-ஆம் தேதி 6-க்கு 3 என்று நீதிமன்றம் ஆலைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அந்த ஆறில் ஜாக்சன் ஒருவர். பெரும்பான்மைத் தீர்ப்பு நீதிபதி பிளாக் எழுதியது, ஆனால் இன்றைக்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஜாக்சன் தனியாக எழுதியதை.

காங்கிரஸ் சம்மதத்தோடு செய்தால் அதிபரின் அதிகாரம் உச்சத்தில் இருக்கும், காங்கிரஸ் ஒன்றும் சொல்லாத இடத்தில் அது மங்கலான வெளி, காங்கிரஸ் விருப்பத்துக்கு எதிராகச் செய்தால் அதிகாரம் மிகக் கீழே என்று மூன்றாகப் பிரித்தார். அதோடு, அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது தான் வாதாடியதைக் காட்டி, அது ஒரு வக்கீலின் வாதம், நீதிபதியாக அது என்னைக் கட்டாது என்ற மாதிரியும் எழுதிவிட்டார். ஆகவே மனிதர் அரசாங்கத்தின் அடிமை இல்லை. காங்கிரஸ் எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் அவர் கை தாராளம், அதிபர் தனியாகக் கிளம்பினால் இறுக்கம். கோதுமைச் சட்டத்துக்குப் பின்னால் காங்கிரஸ் வாக்கு இருந்தது, உருக்கு உத்தரவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இங்கே "அரசாங்கம், அரசாங்கம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறோம்.

#16 இரவல்பேனா

நான் நெல்லுவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஃபில்பர்ன் தீர்ப்பைக் குப்பையில் போட்டுவிட்டால் 1964-ஐ என்ன செய்வீர்கள்?

கொஞ்சம் விவரம். 1875-லேயே காங்கிரஸ், விடுதி, ரயில், நாடகக் கொட்டகை எதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1883-ல் உச்ச நீதிமன்றம், 14-ஆவது திருத்தம் (அடிமை முறை ஒழிந்தபின் எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்று எழுதியது) மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் விடுதிக்காரரை இல்லை என்று அடித்துவிட்டது. அப்புறம் எண்பது வருடம். 1964-ல் மறுபடி சட்டம் போடும்போது அந்தப் பழைய தீர்ப்பு குறுக்கே கிடந்ததால் வணிக ஷரத்து வழியாகப் போனார்கள். அட்லாண்டாவில் 216 அறை விடுதி ஒன்று, கறுப்பர்களுக்கு அறை கிடையாது. தங்குபவர்களில் முக்கால்வாசி வெளிமாநிலத்தவர், அதனால் அது வணிகம். சரி, இது சுலபம். அதே நாளில் இன்னொரு வழக்கு, பர்மிங்ஹாம் நகரில் ஆலிஸ் பார்பிக்யூ என்ற குடும்ப உணவகம். உள்ளே உட்கார்ந்து சாப்பிட வெள்ளையர்களுக்கு மட்டும் இடம், கறுப்பர்களுக்குப் பார்சல் மட்டும். வெளிமாநில வாடிக்கையாளர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அப்போது எதைப் பிடித்தார்கள்? வருடத்துக்கு வாங்கும் ஒன்றரை லட்சம் டாலர் உணவுப் பொருளில் 46 சதவீதம், 69,683 டாலர் மதிப்புள்ள இறைச்சி, வெளிமாநிலத்திலிருந்து வருகிறது. ஒரு கடை சின்னது, ஆனால் எல்லாக் கடையையும் கூட்டிப் பார். ஃபில்பர்னின் கோதுமைக் கணக்கு அப்படியே.

கோழித்தொட்டியைக் கேலி செய்துவிட்டு இந்த உணவகத்துக்கு மட்டும் கைதட்ட முடியாது.

#17 நெல்லுமணி

இரவு முழுக்க யோசித்தேன், நிஜமாகத்தான். உங்கள் கேள்வி குத்தியது.

ஆனால் எனக்கு அதில் வேறொரு உறுத்தல். ஒரு மனிதனை உள்ளே உட்கார விடாதது அவமானம். அதைத் தப்பு என்று சொல்ல இறைச்சி ரசீதை எண்ண வேண்டியிருந்ததே, அது சரியா? 14-ஆவது திருத்தம் எழுதியதே அந்த மக்களுக்காக. 1883 தீர்ப்பைத் தூக்கிப்போட்டிருக்க வேண்டியது, அதைச் செய்யத் தைரியமில்லாமல் பின்வாசல் வழியாகப் போனார்கள். அன்றைக்கே நீதிபதி டக்ளஸ் இதைத்தான் எழுதினார். மனிதர்கள் போய்வரும் உரிமை ஆடு மாடு, பழம், உருக்கு, நிலக்கரி போய்வருவதைவிட மேலான இடத்தில் இருக்கிறது என்று முன்பு ஒரு வழக்கில் தான் எழுதியதையே எடுத்துச் சொல்லி, நான் 14-ஆவது திருத்தத்தின் மேலேயே நிற்பேன் என்றார். நான் டக்ளஸ் பக்கம்.

#18 பழைய ரயில்

நெல்லுமணி, கை கொடுங்கள்.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மாநில உரிமை, மத்திய அதிகாரம் என்ற இந்தச் சண்டையில் ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 1822-ல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது. வெளியூர்க் கப்பலில் வரும் சுதந்திரக் கறுப்பு மாலுமிகளைக் கப்பல் கிளம்பும்வரை சிறையில் வைக்க வேண்டும். மறுவருடம் நீதிபதி வில்லியம் ஜான்சன், அவரும் அந்த மாநிலத்துக்காரர்தான், இது வணிக அதிகாரத்துக்கு எதிரானது என்றார். மாநிலம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வணிக அதிகாரம் விரிந்தால் அடுத்து அடிமை வியாபாரத்தின் மேல் கை வைக்கும் என்ற பயம். அதே தென் மாநிலங்கள் 1850-ல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க மத்திய சட்டம் வேண்டும் என்று கேட்டு வாங்கின. அப்போது மாநில உரிமை பேசியது விஸ்கான்சின்! அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது, 1859-ல் மத்திய உச்ச நீதிமன்றம் ஒருமனதாக விஸ்கான்சினை அடக்கியது. யார் கையில் எந்தத் தடி இருக்கிறதோ அதுதான் அன்றைக்குக் கொள்கை.

#19 கூழாங்கல்

அப்படியானால் இந்த ஷரத்துக்கு இன்றைக்கு எல்லையே இல்லையா? இழை தொடங்கியவன் என்ற முறையில் இந்த ஒன்றுக்காவது நேரடியான பதில் வேண்டும். நம் ஊரில் ஏழாம் அட்டவணை என்று மூன்று பட்டியல் போட்டு, மிச்சத்தை மத்திய அரசுக்கு என்று எழுதிவிட்டார்கள், சண்டை இருந்தாலும் எங்கே நின்று சண்டை போடுகிறோம் என்று தெரிகிறது. இங்கே பட்டியல் ஒன்றுதான், மிச்சம் மாநிலத்துக்கு, ஆனால் பட்டியலில் உள்ள ஒரு சொல் பலூன் மாதிரி.

#20 சட்டைப்பை வக்கீல்

இருக்கிறது, ஆனால் வேலி பொத்தல். 1937-லிருந்து சுமார் அறுபது வருடம் இந்த ஷரத்தைத் தாண்டியதாக ஒரு சட்டத்தைக்கூட நீதிமன்றம் அடித்ததில்லை. 1995-ல் முதல் அடி. டெக்சாஸில் ஒரு பள்ளி மாணவன் துப்பாக்கியோடு வந்தான், பள்ளிக்கு அருகில் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியக் குற்றம் என்று 1990 சட்டம். துப்பாக்கியால் வன்முறை, வன்முறையால் காப்பீட்டுச் செலவு, படிப்புக் கெட்டால் பொருளாதாரம் கெடும் என்று அரசு சங்கிலி கோத்தது. 5-க்கு 4, செல்லாது. இப்படிக் கோத்துக்கொண்டே போனால் காங்கிரஸால் தொட முடியாதது எதுவுமே மிச்சமிருக்காது என்றார் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட். காங்கிரஸ் என்ன செய்தது தெரியுமா? "மாநிலங்களுக்கிடையே நகர்ந்த துப்பாக்கி" என்று ஒரு தொடரைச் செருகி அதே சட்டத்தை மறுவருடமே மறுபடி போட்டது. எந்தத் துப்பாக்கிதான் நகராமல் இருக்கும்?

2005-ல் நெல்லுமணியின் கஞ்சாக் கேள்வியே வந்தது. கலிபோர்னியாவில் மருத்துவத்துக்குக் கஞ்சா சட்டப்படி சரி. ஒரு பெண்மணி வீட்டில் வளர்த்த ஆறு செடிகளை மத்திய அதிகாரிகள் வந்து அழித்தார்கள். விற்கவில்லை, வாங்கவில்லை, எல்லை தாண்டவில்லை. 6-க்கு 3 என்று அரசு வென்றது. காரணம்? ஃபில்பர்ன். நீதிபதி தாமஸ் மறுத்து எழுதினார், இதெல்லாம் வணிகம் என்றால் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் விருந்தையும் மத்திய அரசு ஒழுங்குபடுத்தலாமே என்று.

#21 மிளகுரசம்

சமைப்பவளாகச் சொல்கிறேன், சில வீட்டு விருந்துகளுக்கு மத்திய அரசு தலையிட்டாலும் தப்பில்லை.

#22 டேட்டன்காரன்

மருத்துவக் காப்பீடு வாங்காதவர்களுக்கு அபராதம் போட்டார்களே, அதுவும் இந்தக் கணக்குதானே? நானே வேலை மாறிய நடுவில் அந்தப் பயத்தில் ஒரு காப்பீடு வாங்கினேன்.

#23 சட்டைப்பை வக்கீல்

அதுதான் உச்சக்கட்டம். ஃபில்பர்ன் எதையோ செய்தார், விதைத்தார். இவர்கள் ஒன்றும் செய்யவில்லை, வாங்காமல் சும்மா இருந்தார்கள். சும்மா இருப்பதையும் ஒழுங்குபடுத்தலாமா? விசாரணையில் நீதிபதி ஸ்கேலியா, அப்படியானால் எல்லோரும் பிராக்கலி (ஒரு காய்) வாங்கு என்றும் சட்டம் போடலாமா என்று கேட்டது அங்கே பெரிய பேச்சாகிவிட்டது. 2012 ஜூனில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் (1937 ராபர்ட்ஸ் இல்லை, இவர் ஜான்), வணிக அதிகாரத்தில் இது முடியாது என்றார். எதிர்ப்பாளர்கள் துள்ளிக் குதிக்கும் முன்பே, ஆனால் இந்த அபராதம் வருமான வரியோடு சேர்த்து வசூலாகிறது, ஆகவே இதை வரி என்று பார்க்கலாம், வரி போடக் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு என்று சட்டத்தைக் காப்பாற்றிவிட்டார். 5-க்கு 4.

#24 நெல்லுமணி

1781-ல் வரி போட அதிகாரம் இல்லை என்று ஆரம்பித்தது, இங்கே வந்து முடிகிறது. சரி, அந்த அபராதம் இன்னும் இருக்கிறதா டேட்டன்காரரே, கட்டுகிறீர்களா?

#25 டேட்டன்காரன்

இல்லை. 2017-ல் காங்கிரஸ் அதன் தொகையைப் பூஜ்யம் ஆக்கியது, 2019-லிருந்து அமல். ஆனால் காப்பீடு வாங்கத்தான் வேண்டும் என்ற வரியை அழிக்கவில்லை, அது சட்டப் புத்தகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பூஜ்யம் டாலர் வரி எப்படி வரியாகும், ஆகவே முழுச் சட்டமும் செல்லாது என்று டெக்சாஸும் வேறு சில மாநிலங்களும் வழக்குப் போட்டன. 2021-ல் 7-க்கு 2, உங்களுக்கு இதில் என்ன நஷ்டம், வழக்குப் போடவே தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

#26 மிளகுரசம்

அதாவது ஃபில்பர்னுக்கு 117 டாலர் 11 சென்ட் போட்டார்கள், உங்களுக்குப் பூஜ்யம் டாலர். அந்தக் கோழிகள் கடைசியில் அந்தக் கோதுமையைத் தின்றனவா இல்லையா என்று மட்டும் இருபத்தைந்து பதிவு தாண்டியும் ஒருவரும் சொல்லவில்லை.